எமது கரையிற் கள்ளி வளர்த்தல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதிக் கேட்டபோது, கல்லூரிக் காலத்துப் பழைய நினைவுகளையே நாமும் எழுதலாமென முதலில் எண்ணினோம். ஆயின் நினைவுகளை நயம்பட எழுத வல்லார் எம் பழைய மாணவருள் பலர் உளர். கள்ளிச் செடியைப்பற்றி எழுத வருவார் எவரும் இலர் என்பது உறுதி. கல்முனையில் எம் வீட்டு முற்றத்திலும் மேற்றளத்திலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கள்ளி, கற்றாழை, காற்றுச்செடி ஆகியவற்றை வளர்த்தும், வளர்த்தவற்றிற் பாதியை அழுகவிட்டும் பெற்ற சிறு அறிவை இங்குத் தருகின்றோம்.

முதலில் எமது தோல்வியைச் சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்தில், மலைநாட்டு நாற்றுமேடை ஒன்றிலிருந்து 42 சிறு சாடிகளிற் கள்ளிகளை வாங்கிவந்தோம். உருண்டையானவை, தூண்போல் நின்றவை, வெள்ளை மயிர் போர்த்தவை எனப் பலவகை. எல்லாம் தும்புத்தூளில் நடப்பட்டிருந்தன. கூதிரான மலைநாட்டிற் கூரையின்கீழ் வளர்ந்தவற்றை நாம் அப்படியே எம் மேற்றளத்தில் வரிசையாக வைத்து மகிழ்ந்தோம். ஐப்பசியில் மாரி பிறந்தது. தைப்பொங்கலன்று எண்ணிப் பார்த்தபோது 9 சாடிகளே எஞ்சியிருந்தன. மாண்ட 33இல் ஒன்றேனும் தாகத்தால் மாளவில்லை. நுனி பச்சையாகவே நிற்கும். அடியை விரலால் தொட்டால் அழுகிய பப்பாசிப் பழம்போல் உள்ளே அமிழும். விற்றவர் எமக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்குமுன் நாமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கள்ளி என்னும் சொல் எம் மொழியில் மிகப் பழையது. பாலை நிலத்தையும் சுடுகாட்டையும் பாடிய பழம்புலவர் அதனை நன்கு அறிவர். ஆயின் அவர் கண்ட கள்ளி வேறு, இன்று கடைகளிற் கள்ளியெனக் கண்ணாடிக் கிண்ணத்தில் விற்கப்படுவது வேறு. பின்னது கக்டஸ் என்னும் குடும்பத்தது. அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492இற் கொலம்பசு கடல் கடந்த பின்னரே அக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் கீழைத்தேயங்களுக்கு வந்தன. எம் முன்னோர் அறிந்த சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி என்பன யூபோபியா என்னும் இனத்தைச் சார்ந்தவை. திருகுகள்ளியின் தாவரவியற் பெயரில் எம்மவர் வழங்கும் சொல்லே நிற்கின்றது: 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலையாளநாட்டுத் தாவர நூலில் அப்பெயர் ஏறியது, 1753இல் லின்னேயசு என்னும் அறிஞர் அதனையே எடுத்து 'திருக்கள்ளி' எனப் பெயர் சூட்டினார். உறவில்லாத இரு குடும்பங்கள், ஒன்று பழைய உலகிலும் மற்றது புதிய உலகிலும், வரட்சி என்னும் ஒரே ஆசிரியரிடம் கற்று ஒரே வடிவத்தை அடைந்தன. இலை சுருங்கி முள்ளாயிற்று. தண்டு பருத்து நீர்க்குடமாயிற்று.

இரண்டையும் பிரித்தறிதல் எளிது. ஊசியால் மெல்லக் கீறின் பால் வடிவது யூபோபியா. கக்டஸில் முட்கள் பஞ்சுத் திண்டுபோன்ற சிறு மேட்டிலிருந்து கொத்தாக முளைக்கும். பெரும்பாலும் நீர்போன்ற சாறே கசியும். இச்சோதனையைச் சிறுவர் கையில் விடுதலாகாது. எம் அயல் வளவிற் சதுரக்கள்ளி வேலியை வெட்டும்போது அருகே நின்ற பிள்ளையொன்றின் கண்ணிற் பால் தெறித்து, கண் வீங்கி, நாலு நாள் அப்பிள்ளை வெளிச்சம் பார்க்க இயலாமற் கிடந்ததை நாம் கண்டிருக்கின்றோம். அன்று தாய் செய்த நற்செயல், வேறு மருந்து தேடாமல் கிணற்றடிக்குத் தூக்கிச் சென்று வாளி வாளியாக நீரால் கண்ணைக் கழுவியதும், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோடியதுமே. பார்வைக்குப் பழுதில்லை.

கக்டஸ் யாவும் அமெரிக்காவுக்கே உரியன என்றோம். அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு; அவ்விலக்கு எம் தீவிலேயே வாழ்கின்றது என்பது பலர் அறியாதது. ரிப்சாலிசு பக்சிபெரா எனப்படும் அச்செடி ஆபிரிக்காவிலும் மடகசுக்காரிலும் இலங்கையின் ஈரக் காடுகளிலும் மரக்கிளைகளில் ஒட்டி, பச்சைக் கயிறுகள் போலத் தொங்குகின்றது. சிங்களத்தில் நவகந்தி என்பர். முள் இல்லை, இலையும் இல்லை. முத்துப்போன்ற வெண்பழம் காய்க்கும். உள்ளிருக்கும் விதை பிசுபிசுப்பானது. பறவையின் அலகில் ஒட்டிக் கடல் கடந்ததா, மாலுமிகளின் மரக்கலத்தில் வந்ததா என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். நமக்கு வேண்டிய செய்தி வேறு. கக்டஸ் என்றாலே பாலைவனம் என்று எண்ணுகிறோமே, அவ்வெண்ணம் பிழையென இச்செடி ஒன்றே காட்டுகின்றது. மழைக்காட்டு மரங்களில் வாழும் கக்டஸ்களும் உள. எமது கரையில் எதனைத் தேர்வது என்னும் கேள்விக்கு விடை இவ்வேறுபாட்டிலேதான் கிடக்கின்றது.

எமது கரையை இரு காற்றுகள் ஆளுகின்றன. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை. ஆண்டு மழையின் பெரும்பங்கு அந்த நான்கு மாதங்களிற் கொட்டிவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான். மலையைக் கடந்து இறங்கும்போதே ஈரத்தை இழந்து, அடுப்படி அனல்போல் வந்து சேரும். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் எவற்றுக்கும் இது பொது. செடி வளர்ப்பு நூல்களோ குளிர்நாட்டாரால் எழுதப்பட்டவை. அவர்களுக்குப் பகை உறைபனி. எமக்கு உறைபனி இல்லை. அந்நூல்களை எழுத்துப் பிசகாமற் பின்பற்றி அழிந்தவை எம் 33 சாடிகள். எனவே நாம் கண்ட முடிபைச் சுருங்கச் சொல்வதாயின், பாலைநிலக் கள்ளிகளை வாடை கொல்லும். காற்றுச்செடிகளைக் கச்சான் கொல்லும். கடைக்குப் போகுமுன் பூவின் நிறத்தை அன்று, இவ்விரு காற்றுகளையும் நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

வாடை ஏன் கொல்லுகின்றது? சாதாரணச் செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உட்கொள்ளும். அவ்வேளையில் நீரும் ஆவியாகிப் போகும். கள்ளியினங்களிற் பெரும்பாலானவை இரவிலே வாய் திறந்து, அவ்வாயுவை அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் வாயை மூடிக்கொண்டே ஒளித்தொகுப்பு நடத்துகின்றன. இரவில் சம்பாதித்துப் பகலிற் சமைக்கும் இச்சிக்கனம் பாலையில் உயிர் காக்கும். அத்தகைய செடியின் சிறு வேர்கள் வாரக்கணக்கில் ஈரத்தில் ஊறினால் மூச்சற்று மடியும். மடிந்த வேர்வழி பூஞ்சணம் நுழையும். நீர் நிறைந்த தண்டு அதற்கு விருந்தாகும். தும்புத்தூள் உறிஞ்சிய நீரை எளிதில் விடாது. அன்று அதனை உதறியெறிந்து வேறு மண்ணில் மாற்றியிருந்தால் எம் செடிகளிற் பல பிழைத்திருக்கும்.

இப்போது நாம் கலக்கும் மண் இது: கழுவிய பருமணலான ஆற்றுமணல் இரு பங்கு, உடைத்த ஓட்டுத்துண்டு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. உமிக்கு எம் நெல்வயல் நாட்டிற் குறைவில்லை. ஆலைக்காரர் கொண்டுபோனாற் போதும் என்பர். கடற்கரை மணல் வீட்டு வாசலிற் கிடக்கிறதேயென்று அதனை அள்ளி இடுதல் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். சாடி மண்சாடியாக இருத்தல் நன்று. அடியில் துளை இல்லாத அழகுக் கிண்ணம் எதுவாயினும் அது செடிக்குக் கல்லறையே. கச்சான் காலத்தில் ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை நன்றாக நனைய ஊற்றுவோம். ஐப்பசி பிறந்ததும் ஊற்றுவதை நிறுத்தி, விறாந்தைக் கூரையின்கீழ் வெளிச்சமான இடத்துக்கு எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம். மாசி வரை சொட்டு நீரும் இல்லை. பார்ப்போர் எம்மைக் கஞ்சர் என்பர், செடிகள் முறையிட்டதில்லை.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பார்க்கு முன்சொன்ன மழைக்காட்டுக் கள்ளிகள் உண்டு. அவற்றுள் முதலிடம் நாம் தருவது கடுபுல் மலருக்கே. மெக்சிக்கோவின் தென்பாகத்தையும் அதற்குத் தெற்கேயுள்ள காடுகளையும் தாயகமாகக் கொண்ட இச்செடி இலங்கை முழுவதும் வீட்டுச் செடியாகிவிட்டது. பட்டையான தண்டே இலைபோல் இருக்கும். அதன் ஒரு துண்டை நட்டு, அரைநிழலில் வைத்து, இரண்டு மூன்று ஆண்டு பொறுத்திருந்தால் மொட்டு விடும். இரவு ஒன்பது மணியளவில் இதழ் நெகிழத் தொடங்கும், நள்ளிரவில் முழுதும் விரியும், விடியுமுன் துவளும். முதன்முறை எம் வீட்டில் அது மலர்ந்தபோது, மின்தடைப்பட்ட இரவு. அயலவர் எல்லாரும், தமிழரும் முஸ்லிம்களும், பிள்ளைகளைத் தோளிற் சாய்த்தபடி கைவிளக்குகளுடன் வந்து முற்றத்தில் நின்றனர். மணம் தெருவரை போயிற்று. இப்போது எம் தெருவில் ஏழு வீடுகளில் அச்செடி நிற்கின்றது. யாவும் எம் செடியின் துண்டுகளே.

அடுத்தது யாவரும் பழமாக அறிந்த டிராகன் பழக்கொடி. அதுவும் மரத்திலேறும் கக்டஸ்தான். தூணொன்று நாட்டிக்கொடுத்தால் மாரியையும் தாங்கும், கச்சானையும் ஓரளவு தாங்கும். கடைகளில் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளைப் பச்சைத் தண்டின் தலையில் ஒட்டி விற்கிறார்களே, அந்தப் பச்சைத் தண்டு பெரும்பாலும் இக்கொடியினதே. மேலுள்ள வண்ண உருண்டைக்குப் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே ஆக்க இயலாமற் கீழுள்ளதன் உழைப்பில் வாழ்கின்றது. சில ஆண்டுகளில் இரண்டும் சலித்துவிடும். வாங்காதீர் என்பதே எம் கருத்து. கூழாங்கல்போலத் தோன்றும் தென்னாபிரிக்க லிதொப்சும் அவ்வாறே. வியப்புக்குரியது, எம் கரையில் ஒரு மாரியைக் கடவாது.

விலையுயர்ந்தவற்றைத் தேடுமுன் எம் நாட்டுச் செடிகளைப் பார்த்தல் வேண்டும். பாம்புத்தோல்போற் பட்டையிட்ட இலையுடைய ஆபிரிக்கச் செடியொன்றை அலுவலகங்களிலும் வரவேற்பறைகளிலும் வைத்துப் பெருமைப்படுகிறோம். அதன் உடன்பிறப்பாகிய மருள் எம் வரண்ட பற்றைக்காடுகளில் கேட்பாரற்று நிற்கின்றது. அதன் தாவரவியற் பெயரிலேயே இலங்கை இருக்கின்றது: சன்சிவீரியா சைலானிக்கா என வழங்கி, அண்மைக் காலத்து ஆய்வுகளின்பின் இறசீனா என்னும் பேரினத்துட் சேர்க்கப்பட்டுள்ளது. இதன் நார் முற்காலத்தில் வில்லுக்கு நாணாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு வில்நாண் சணல் என்றே பெயர். வெயில், நிழல், உப்புக்காற்று, மறதி எல்லாவற்றையும் பொறுக்கும். பிரண்டையைத் துவையலுக்கு மட்டும் நினைக்கிறோம். நாற்கோணத் தண்டும் கணுவுமாக, வேலிக் கம்பியிற் படரவிட்டால் எந்த அயல்நாட்டுச் செடிக்கும் அழகிற் குறையாது. பாறை இடுக்குகளில் வளரும் கள்ளிமுளையான் மற்றொன்று. இவற்றைக் காட்டிற் பிடுங்குதல் வேண்டா. வளர்ப்பவரிடம் ஒரு துண்டு கேட்டால் தருவர்.

வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்று திரும்பிய எம் ஊரவர் பலருக்குப் பாலைவன ரோசா என்னும் அடினியம் நன்கு தெரியும். அரேபியாவின் தென்பகுதியும் கிழக்காபிரிக்காவும் அதன் தாயகம். பருத்த அடியும் ரோசா நிறப் பூவும் உடைய அதற்கு எம் கச்சான் தாய்நாட்டுக் காற்று. மாரியில் மட்டும் இலையுதிர்த்து உறங்க விட்டு, கூரையின்கீழ் வைத்தால் பல்லாண்டு வாழும். பாலுண்டு, நஞ்சுண்டு, ஆடு கடிக்காத இடத்தில் வைக்க.

இனிக் காற்றுச்செடிகள். தில்லாந்திசியா என்னும் இவை அன்னாசியின் குடும்பத்தவை. 600க்கு மேற்பட்ட இனங்கள். எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியன. மண் வேண்டா. வேர் கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே உதவும். நீரையும் உணவையும் இலைமேலுள்ள நுண்ணிய செதில்கள் உறிஞ்சும். கல்லூரி விஞ்ஞான கூடத்து நுணுக்குக்காட்டியின்கீழ் ஓர் இலையை வைத்து மாணவர் பார்ப்பாராயின், வெள்ளிக் குடைகள் வரிசையாக விரித்ததுபோல் அச்செதில்களைக் காண்பர். பெயரில் ஒரு கதை உண்டு. தில்லாண்ட்ஸ் என்னும் வடநாட்டு அறிஞர் மாணவனாயிருந்தபோது ஒருமுறை கடற்பயணத்திற் பட்ட துன்பத்தால், திரும்பும்போது கப்பலேறாது, வளைகுடாவைச் சுற்றித் தரைவழியே நடந்து வந்தார் என்பர். இச்செடியும் நீருக்கு அஞ்சுவது என எண்ணிய லின்னேயசு அவர் பெயரை இதற்கு இட்டார். கடலோரத்தவராகிய எமக்கு அவ்வறிஞரிடம் இரக்கம் உண்டு. லின்னேயசு எண்ணியதுதான் பிழை. காற்றுச்செடி காற்றை மட்டும் உண்டு வாழும் என நம்பி, நீரே காட்டாமற் கொன்றவர் பலர்.

கச்சான் வீசும் மாதங்களில் கிழமைக்கு இருமுறை, காலையில், அரைமணி நேரம் நீரில் அமிழ்த்தி எடுத்து, தலைகீழாக உதறி, நாலு மணி நேரத்துள் உலரும்படி காற்றோட்டமான நிழலிற் தொங்கவிடுதல் வேண்டும். மாலையில் நனைத்தல் ஆகாது. இவையும் இரவில் வாய் திறப்பன. இலைமேல் நீர்ப்படலம் இருந்தால் மூச்சு முட்டும். எந்த நீர் என்பதே எம் கரையிற் பெருங்கேள்வி. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எம் கிணறுகளை உப்பாக்கியது அத்துயரத்தின்முன் ஒரு பொருட்டன்று. எனினும் அதன்பின் நெடுநாள் எம் வளவில் எதுவும் செம்மையாக முளைக்கவில்லை. உவர்நீர் காய்ந்தால் செதில்களின்மேல் வெண்பொருக்குப் படியும். செடி நீருக்குள் இருந்தும் தாகிக்கும். எனவே மாரியில் பீலிநீரைப் பெரிய கொள்கலன்களிற் பிடித்துவைத்துக் கச்சான் முடியும்வரை அதனையே கொடுக்கின்றோம். கட்டித் தொங்கவிடச் செம்புக்கம்பி கூடாது. செம்பு இவற்றுக்கு நஞ்சு. நூல் ஈரம் பிடித்து அடியை அழுக்கும். மீனவர் பயன்படுத்தும் தங்கூசியே தகும். எம் ஊரில் அது எக்கடையிலும் கிடைக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையான செய்தியொன்று எஞ்சியுள்ளது. வெட்டிய துண்டுகளை எங்கே எறிகிறோம்?

மருதமுனை போன்ற நெசவூரார்க்குச் சாயத்தின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. நாகதாளிக் கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைக்கும் செஞ்சாயத்துக்கு ஒரு காலத்தில் ஐரோப்பாவிற் பெருவிலை இருந்தது. அதன்பொருட்டு ஆங்கிலக் கும்பினியார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்தனர். 1795இற் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. வந்தது தரங்குறைந்த வேறினம். சாயம் சரிவரக் கிடைக்கவில்லை. ஆனால் அப்பூச்சி தென்னிந்தியாவிற் பரவியிருந்த ஒருவகை நாகதாளியை உண்டே அழித்துவிட்டது. இதைக் கண்டு 1865 அளவில் இலங்கைக்கும் அப்பூச்சியை வேண்டுமென்றே கொணர்ந்தனர். களையை அழிக்க உயிரியொன்றை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசென்ற மிகப் பழைய முயற்சிகளுள் இஃது ஒன்று. அப்பூச்சியின் தாவரவியலார் பெயரிலும், அன்று, விலங்கியலார் பெயரிலும் இலங்கை ஏறிவிட்டது. ஆயின் மற்றொருவகை நாகதாளியை அது தீண்டவில்லை. 1920களில் வேறொரு பூச்சியைக் கொணர்ந்தும் அவ்வினம் முற்றாய் ஒழியவில்லை. எம் கரைவழியே தெற்கு நோக்கிப் பொத்துவில், குமனை, யாலை கடந்து அம்பாந்தோட்டையை அடைந்தால், 1990இல் இலங்கையின் முதலாவது இறம்சார் ஈரநிலமாகப் பதியப்பட்ட புந்தலையில் அதனைக் காணலாம். மணற்றிட்டுகளில் ஆளுயரத்துக்கு முட்சுவராய் நிற்கின்றது. பழத்தைக் குரங்கு தின்று விதையைப் பரப்பும். முறிந்த தண்டு விழுந்த இடத்தில் வேர்விடும். அங்கு அதனை அகற்றுவோர் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கவேண்டியுள்ளது.

இதனை நேரிற் பார்த்து வந்த பின்பே எம் வழக்கத்தை மாற்றினோம். அதுவரை கழித்த துண்டுகளைச் சாக்கிற் கட்டித் தோணாக் கரையிற் கொட்டிவந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஓர் ஆண்டின்பின் அங்கே போய்ப் பார்த்தபோது, அடம்பன் கொடிக்கு நடுவே நாகதாளி மூன்று மடலோடு தழைத்து நின்றது. வேரோடு பிடுங்கி வந்தோம். இப்போது கழிவனைத்தையும் மேற்றளச் சீமெந்தில் மாதக்கணக்கிற் காயவிட்டு, சருகான பின் எரிக்கின்றோம். ஒரேயொரு இலையிலிருந்து பத்துக் கன்று விடும் ரணகள்ளிக்கும் இதே விதி.

வாங்குவோர் கவனிக்க இன்னுமொன்று. 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி கக்டஸ் இனங்களுள் 31 வீதம் அழியும் ஆபத்தில் உள்ளன. களவாகத் தோண்டி விற்றல் அதன் பெருங்காரணங்களுள் ஒன்று. நாடுகளிடைச் செடிவணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. கக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அதன் அட்டவணையில் உண்டு. தபாற்பொதியில் அயல்நாட்டிலிருந்து அனுமதியின்றி வரும் 'அரிய' செடியை வாங்குதல் அக்களவிற் பங்குபெறுதலே. தழும்பும் வடுவும் உள்ள முதிர்ந்த செடி மலிவாகக் கிடைத்தால் ஐயுறுக. விதையில் முளைத்த சிறு செடி மாசற்று ஒரே சீராக இருக்கும். பார்த்து மகிழ விரும்புவோர் பேராதனைப் பூங்காவின் கள்ளி மனைக்கோ, 2013இல் திறக்கப்பட்ட மிரிஜ்ஜவிலை வறள்வலயத் தாவரவியற் பூங்காவுக்கோ செல்லலாம்.

இக்கட்டுரையுடன் ஒரு சிறு பெட்டியும் கல்லூரிக்கு வருகின்றது. மருட் கன்று ஆறு, கடுபுல் துண்டு நாலு, பிரண்டைக் கணு ஒரு கட்டு. விஞ்ஞான கூடத்தின் கிழக்கு விறாந்தை இவற்றுக்குப் பொருந்தும் என எண்ணுகிறோம். எம் காலத்தில் அங்குக் காலை வெயில் பத்து மணிவரை விழும். கடுபுல் துண்டுகளை வெட்டுவாய் உலரும்வரை ஐந்து நாள் நிழலிற் கிடத்திய பின்னரே நடவேண்டும். நட்ட நாளை ஓர் ஓட்டுத் துண்டில் எழுதிச் சாடியிற் குத்திவைக்கும்படி மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.